சித்தூர்ச் சீமையில் தமிழ் அரிச்சுவடி

புரட்டாசி பிறந்துவிட்டால் தொடக்கப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும் செய்திகள் பெருகிவிடும். பருவத் தேர்வு என்று தொடங்கும், தசரா விடுமுறை எத்தனை நாள், சரசுவதி பூசைக்குப் பிள்ளைகள் எதைக் கொண்டுவர வேண்டும், நவம்பர் 14ஆம் நாள் குழந்தைகள் விழாவில் யார் ஆடுவது, யார் பாடுவது என்று நாளுக்கொரு செய்தி வரும். சித்தூரிலும் திருப்பதியிலும் நகரியிலும் குப்பத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இச்செய்திகளோடு வேறொரு கேள்வியும் வந்து சேர்கிறது. நம் பிள்ளை முதல் எழுத்தை எந்த மொழியில் கற்பது என்பதே அக்கேள்வி. இன்றைய பேச்சில் அதனைச் சிறிது ஆராய்வோம்.

தமிழகத்தின் வட எல்லையாக வேங்கடத்தைத் தொல்காப்பியப் பாயிரம் குறித்திருப்பதை நாம் அறிவோம். எல்லை என்பது இரண்டு மக்கள் சந்திக்கும் இடம். அங்கே ஒரு தெருவில் தமிழும் அடுத்த தெருவில் தெலுங்கும், பல வீடுகளில் இரண்டுமே வழங்கி வந்தன. வட ஆர்க்காட்டின் பகுதிகளும் கடப்பையின் பகுதிகளும் சேர்ந்து 1911 ஏப்ரல் 1ஆம் நாள் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் அதனோடு சென்றது. பின்னர் படாஸ்கர் அவர்களின் பரிந்துரையின்படி எல்லை திருத்தப்பட்டு, 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022 ஏப்ரலில் ஆந்திர அரசு மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இவ்வாறு பலமுறை மாறின; வீட்டில் பேசும் பேச்சோ அந்தக் கோடுகளோடு மாறவில்லை.

இதற்கு ஒரு பெருமைமிக்க சான்று உண்டு. டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அவர்கள் 1888 செப்டம்பர் 5ஆம் நாள் திருத்தணியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தார். திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றார். பிறகு வேலூரிலும் சென்னையிலும் கற்றார். அவர் குடியரசுத் தலைவரான 1962 முதல் அவர் பிறந்தநாளே நாடெங்கும் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. எல்லையோரப் பிள்ளைக்கு இரண்டு மொழிகள் சுமையாகா என்பதை அவர் வாழ்க்கையே காட்டும்.

மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, ஒவ்வொரு மாநிலத்திலும் வேறு மொழி பேசுவோர் சிறுபான்மையாக இருப்பார்கள் என்பதைத் தலைவர்கள் உணர்ந்திருந்தனர். ஆதலின் 1956ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தால் அரசியலமைப்பில் 350-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி செய்து தருவதற்கு ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்பது அதன் கருத்து. அதற்கும் முன்னரே, 1949 ஆகஸ்டில் கூடிய கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒரு கணக்கை வகுத்திருந்தது. ஒரு பள்ளியில் அம்மொழி பேசும் பிள்ளைகள் 40 பேரோ, ஒரு வகுப்பில் 10 பேரோ இருந்தால் அவர்களுக்கென ஓர் ஆசிரியரை அமர்த்தவேண்டும் என்பதே அக்கணக்கு.

பத்துப் பிள்ளைகள்! ஒரு தெருவில் பத்து வீடு ஒன்றுபட்டால் ஒரு வகுப்பு நிற்கும்; அவற்றில் ஒரு வீடு விலகினால் ஒன்பதாகிவிடும். ஆகவே எல்லையோரத்துத் தமிழ் வகுப்பின் ஆயுள், சட்டப் புத்தகத்தில் பாதியும் நம் வீட்டுத் திண்ணையில் பாதியுமாக இருக்கிறது. தமிழாசிரியர் ஒருவர் ஓய்வுபெறும் ஆண்டில் பிள்ளைகளின் தொகை குறைந்திருந்தால், அந்த இடம் நிரப்பப்படாமலே போவது எளிது. ஒருமுறை மூடிய வகுப்பைத் திரும்பத் திறப்பது அரிது.

இங்கே பெற்றோர் கூறும் மறுமொழியையும் நாம் மதிக்கவேண்டும். "ஆந்திரத்தில் வாழ்கிறோம், தெலுங்கு வேண்டும். மேற்படிப்புக்கு ஆங்கிலம் வேண்டும். தமிழ் வீட்டிலேயே வந்துவிடாதா?" என்கிறார்கள். தெலுங்கு வேண்டும் என்பதில் ஐயமில்லை. வாழும் நாட்டின் மொழியை அறியாதவன் அந்நாட்டில் விருந்தாளியாகவே இருப்பான். ஆங்கிலத்தின் பயனையும் யாரும் மறுக்க இயலாது. 2019ஆம் ஆண்டில் ஆந்திர அரசு, பள்ளிகளில் ஆங்கிலவழிக் கல்வியையே நடத்த ஆணை பிறப்பித்ததையும், 2020 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அவ்வாணையைத் தள்ளியதையும் நேயர்கள் நினைவுகூரலாம். தெலுங்குப் பெற்றோர்களிடையேயும் இதே ஆசையும் இதே தயக்கமும் உண்டு என்பதை அவ்வழக்கு காட்டிற்று.

ஆனால் வீட்டில் வருவது பேச்சு மாத்திரமே. எழுத்து தானாக வருவதில்லை. ஆறு வயதுப் பிள்ளை 'மழை' என்னும் சொல்லைக் காதால் அறிந்திருக்கிறது. அச்சொல்லின் இரண்டு எழுத்துகளைக் கூட்டியவுடன், மழையே கண்முன் வந்துவிடுகிறது. அறிந்த சொல்லை எழுத்தில் காணும் அந்த மகிழ்ச்சியே படிப்பின் வித்து. அறியாத மொழியில் தொடங்கும் பிள்ளையோ எழுத்தையும் கற்கவேண்டும், சொல்லின் பொருளையும் கற்கவேண்டும். இரண்டு மூட்டைகளை ஒரே தலையில் ஏற்றுவானேன்? ஒரு மொழியில் படிக்கப் பழகிய பிள்ளை அடுத்த மொழியை விரைந்து பிடித்துக்கொள்ளும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்கவேண்டும் என்றே கூறுகிறது.

இக்கருத்துக்கு ஆந்திர நாட்டிலேயே ஒரு முன்னோடி உண்டு. ஆகஸ்டு 29ஆம் நாளை ஆந்திரப் பள்ளிகள் தெலுங்கு மொழி நாளாகக் கொண்டாடுகின்றன. அது 1863இல் பிறந்த கிடுகு இராமமூர்த்தி அவர்களின் பிறந்தநாள். மக்கள் பேசும் தெலுங்கே நூல்களிலும் வழங்கவேண்டும் என்று வாதாடிய அப்பெரியார் ஒரு பள்ளி ஆசிரியர். மலைவாழ் சவரர்களின் மொழியை அவர் தாமே முயன்று கற்றார். அதற்கு இலக்கணமும் அகராதியும் இயற்றினார். அவர்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலேயே கல்வி புகட்டப் பாடுபட்டார். ஆகவே, 'என் பிள்ளைக்கு என் மொழியில் முதற்பாடம் வேண்டும்' என்று ஆந்திரத்தில் ஒரு தமிழ்த் தாய் கேட்பாளாயின், அவள் அந்நாட்டின் நல்ல மரபு ஒன்றையே நினைவூட்டுகிறாள்.

இனி இப்பருவத்தில் வீடும் பள்ளியும் சேர்ந்து செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, விஜயதசமி. அன்று தட்டில் நெல்லைப் பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதுவிப்பது நம் வழக்கம். தெலுங்கர் இதனை அட்சராப்பியாசம் என்பர். அந்நாளில் முதல் எழுத்தைத் தமிழில் எழுதுவித்து, அடுத்த எழுத்தைத் தெலுங்கில் எழுதுவித்தாலும் குற்றமில்லை. பழைய திண்ணைப் பள்ளிகளில் நவராத்திரியை ஒட்டி மாணாக்கர்கள் கோலாட்டக் கோலோடு வீடுவீடாகச் சென்று பாடி, உபாத்தியாயருக்குக் காணிக்கை பெற்றுவருவது தமிழ்நாட்டில் வழக்கமாயிருந்தது. ஆந்திரத்திலும் தசராவின்போது ஐயவாருடன் பிள்ளைகள் பாடிச்செல்ல, வீட்டார் பருப்பும் வெல்லமும் தருவார்கள். ஆசிரியரை ஊரே தாங்கிய காலம் அது. இரு மொழியாருக்கும் பொதுவான இவ்வழக்கத்தைப் பள்ளிக் கலைவிழாவில் நடித்துக் காட்டினால் தமிழ்ப் பிரிவும் தெலுங்குப் பிரிவும் ஒரே மேடையில் நிற்கும்.

இரண்டாவது, விடுமுறை ஏடு. ஒரு குறிப்பேட்டின் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் தமிழ்ச் சொல்லும் மறுபுறம் தெலுங்குச் சொல்லும் எழுதச் சொல்லுங்கள். கண் என்றால் அங்கே கன்னு. மூக்கு என்றால் முக்கு. ஊர் என்றால் ஊரு. பால் என்றால் பாலு. நாம் செய்யுளில் காணும் 'இல்' தெலுங்கில் அன்றாட 'இல்லு' ஆக நிற்கிறது. நம் புலவர்கள் வழங்கும் 'செப்பு' என்னும் சொல்லைத் தெலுங்குச் சிறுவன் தெருவில் விளையாடும்போதே வழங்குகிறான். வேற்றுமையும் விளங்கும். தமிழில் 'க' என்னும் ஓரெழுத்தே இடத்துக்கேற்ப ஒலி மாறுகிறது. தெலுங்கில் அவ்வொலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு. நம் ழகரம் இன்றைய தெலுங்கில் இல்லை. இவற்றைத் தானே கண்டுபிடிக்கும் பிள்ளை இரண்டு மொழிகளையும் குழப்பிக்கொள்ளாது.

மூன்றாவது, மழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இப்பகுதியை நனைக்கிறது. 2021 நவம்பரில் திருப்பதி நகரமே வெள்ளத்தில் தத்தளித்ததை மக்கள் மறக்கவில்லை. நேர்ச்சுவருடைய ஒரு கண்ணாடிக் குவளையை வெட்டவெளியில் வைத்து, நாள்தோறும் காலையில் எத்தனை மில்லிமீட்டர் நீர் நின்றது என்று அளவுகோலால் அளந்து எழுதுவது சிறந்த பயிற்சி. கணக்கும் அறிவியலும் மொழியும் அதில் ஒருங்கே அமைந்துள்ளன. தெலுங்குக் கார்த்திக மாதத்தில் நெல்லி மரத்தடியில் கூடியுண்ணும் வனபோஜனத்தையும் நம் பிள்ளைகள் தவறவிடலாகாது. திங்களைக் கொண்டு மாதம் கணிக்கும் தெலுங்கர் முறைக்கும், ஞாயிற்றைக் கொண்டு கணிக்கும் நம் முறைக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர் அன்று விளக்கலாம்.

நான்காவது, நூல். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். தமிழ்ப் பிரிவுள்ள பள்ளிக்குக் குடும்பத்துக்கு ஒன்றாகச் சிறுவர் நூல்களை வழங்கினால், பத்துக் குடும்பம் பத்து நூல் தந்ததாகும். ஒரு வகுப்புக்கு ஓராண்டு படிக்க அது போதும். சென்னைக்கோ வேலூருக்கோ போய்வரும் உறவினர் பையில் ஒரு நூல் வருவது பெரிய பாரமன்று.

ஐந்தாவதே தலையாயது, அது எண்ணிக்கை. பள்ளிகள் ஜூன் மாதத்தில் திறக்கும்போது விழித்துக்கொண்டால் காலம் கடந்துவிடும். மொழிச் சிறுபான்மையினர் தம் விருப்பத்தை ஆண்டுத் தொடக்கத்துக்கு முன்பே பதிவுசெய்துகொள்ளும் ஏற்பாடு, நடுவணரசும் மாநிலங்களும் ஒப்புக்கொண்ட பாதுகாப்புகளில் ஒன்று. கொலுவுக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சென்று சுண்டல் பெறும் இந்த ஒன்பது நாளிலேயே, எந்த வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிறது என்று தாய்மார்கள் கணக்கெடுத்துவிடலாம். பத்துப் பெயர் சேர்ந்தால், தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டது கோப்பில் ஏறாது.

இப்பேச்சு சித்தூர்ச் சீமைக்கு மாத்திரம் உரியதன்று. மும்பை தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் தொழிலாளிக்கும், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் அலுவலருக்கும் இதே கணக்குத்தான். அவ்வாறே திருத்தணியில் தெலுங்கு பேசும் குடும்பம் தன் பிள்ளைக்குத் தெலுங்கு வகுப்பு கேட்டால், நாம் அதனை மனமார ஆதரிக்கவேண்டும். நமக்கு வேண்டிய நீதியைப் பிறர்க்கும் வேண்டுவோருக்கே அதனைக் கேட்கும் உரிமை உண்டு.

திருமலைப் பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்குச் சென்னையிலிருந்து திருக்குடைகள் ஊர்வலமாக வந்து சேர்கின்றன. மாநில எல்லை அவற்றைத் தடுப்பதில்லை. வழியிலுள்ள தமிழரும் தெலுங்கரும் வரவேற்கின்றனர். நம் அரிச்சுவடியும் அவ்வாறே எல்லை கடந்து வாழலாம். அதற்குச் சுமப்பவர்கள் வேண்டும். ஒரு வகுப்புக்குப் பத்துப் பேர் போதும்.