குழந்தையின்மையும் சாக்லேட் கட்டியும்: தகுந்த மருத்துவரை நாடுவது எப்படி?

(ஜமாஅத்தார் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சபையில் வாய்விட்டுப் பேசத் தயங்கும் ஒரு செய்தியை இன்று எடுத்துக் கொண்டுள்ளோம். திருமணமாகி இரண்டு மூன்று ஆண்டுகள் கடந்தும் மடியில் குழந்தை இல்லாத பெண்ணிடம் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்காத வீடு நம் செங்கோட்டையில் இல்லை. அதே பெண் மாதந்தோறும் மூன்று நாட்கள் பாயைவிட்டு எழ இயலாமல் துடிக்கும்போது, "எங்களுக்கெல்லாம் வராத வலியா?" என்று சொல்லிவிடுகிறோம். இவ்விரண்டும் ஒரே நோயின் இரு முகங்களாக இருக்கக்கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வலிக்கு ஒரு மாத்திரை, குழந்தைக்கு வேறொரு மருத்துவர் என்று தனித்தனியே அலைந்து ஆண்டுகளை இழந்த குடும்பங்களோடு மருத்துவமனைகளுக்குத் துணையாகச் சென்று வந்த அனுபவத்தினால், நாம் கண்டவற்றையும் கேட்டறிந்தவற்றையும் உங்கள் முன் வைக்கிறோம்.

கருப்பையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலம் மாதந்தோறும் வளர்ந்து, உதிர்ந்து, மாதவிடாயாக வெளியேறுவது இயற்கை. அதனையொத்த திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் சினைக்குழாயைச் சுற்றியும் குடலின் மேற்புறத்திலும் படர்ந்து வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோயாகும். அங்கும் இரத்தம் கசிகிறது. ஆனால் வெளியேற வழியில்லை. புண்ணாகித் தழும்பாகி, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. சினைப்பைக்குள் பழைய இரத்தம் தேங்கிக் கருஞ்சிவப்புக் குழம்பாகத் திரளும்போது அதனைச் சாக்லேட் கட்டி என்கின்றனர். கட்டி என்றதும் புற்றுநோயென அஞ்ச வேண்டா. மிகப் பெரும்பாலும் அது புற்றுநோய் அன்று.

பிள்ளைப்பேற்றுக்குரிய வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, அதாவது உலகெங்கும் சுமார் 19 கோடிப் பேருக்கு, இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மாதவிடாய் இரத்தம் சினைக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் செல்வதே காரணம் என்று அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1920-களில் எழுதினார். பெரும்பாலான பெண்களுக்கு அவ்வாறு நிகழ்ந்தும் சிலருக்கு மட்டுமே நோய் வருவதேன் என்பதற்கு இன்றுவரை முழு விடை கிட்டவில்லை. பெண்ணின் உணவோ நடத்தையோ காரணமன்று என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். நோய் உள்ளவர் எல்லோரும் மலடியர் என்பதும் தவறு. இயற்கையாகவே கருத்தரித்துத் தாயானவர் பலர் உளர்.

சென்னையில் 1970-இல் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பத்மா லட்சுமியின் பெயரைத் தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிகளின் வாயிலாகச் சிலர் கேள்வியுற்றிருப்பீர்கள். பருவமடைந்த நாள்தொட்டு மாதந்தோறும் வலியில் கிடந்த அவருக்கு, 36-ஆம் வயதில்தான் நோயின் பெயரே தெரியவந்தது. பின்னர் தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவருடன் சேர்ந்து 2009-இல் இந்நோய்க்கென ஓர் அமைப்பை நிறுவினார். 2010-இல் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. நியூயார்க் நகரில் வசதியும் புகழும் உள்ளவருக்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்ததென்றால், மேலூரிலும் இலத்தூரிலும் உள்ள நம் பெண்களைக் கேட்க வேண்டுமா?

தகுந்த மருத்துவர் யார்? பலகையில் பட்டங்கள் நீளமாக இருப்பவர் என்பதோ, பேருந்தின் பின்புறம் விளம்பரம் செய்பவர் என்பதோ விடையாகாது. முதல் சந்திப்பில் குழந்தையைப் பற்றிக் கேட்பதோடு வலியைப் பற்றியும் கேட்பவரே இந்நோய்க்குரிய மருத்துவர் என்பது எமது கருத்து. வலி எப்போது தொடங்குகிறது, மலம் கழிக்கையில் உண்டா, தாம்பத்தியத்தின்போது உண்டா என்று அவர் கேட்பார். இக்கேள்விகளுக்கு வெட்கப்பட்டு விடை மறைத்தால் நோயும் மறைந்தே கிடக்கும். தொழுகைக்காகவும், விடுபட்ட நோன்புகளைக் களாச் செய்வதற்காகவும் மாதவிடாய் நாட்களைக் கணக்கு வைக்கும் பழக்கம் நம் பெண்களுக்கு முன்னரே உண்டு. அந்த நாட்குறிப்பிலேயே வலி எத்தனை நாள், எவ்வளவு கடுமை, எந்த மாத்திரைக்குக் கேட்டது என்பதையும் எழுதி மூன்று மாதக் கணக்கை எடுத்துச் சென்றால், மருத்துவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

அடுத்தது ஸ்கேன். இந்நோயைத் தேடத் தெரிந்த கண்ணுக்கு, உள்வழி ஸ்கேன் பெரும்பாலும் சாக்லேட் கட்டியையும் ஆழமாகப் படர்ந்த நோயையும் காட்டிவிடும். ஆனால் மேலோட்டமான நோய் ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். ஆகவே "ஸ்கேன் நார்மல், வலி மனப்பிரமை" என்று அனுப்பிவைக்கும் மருத்துவரிடம் இரண்டாம் முறை செல்ல வேண்டுவதில்லை. வயிற்றில் துளையிட்டுக் கருவி செலுத்திப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பிதான் நோயை உறுதிசெய்யும் ஒரே வழி என்று முன்னாளில் கருதப்பட்டது. ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டி அக்கருத்தை மாற்றிவிட்டது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாதபோதும், மருந்துக்கு வலி கட்டுப்படாதபோதும் அதனை நாடலாம் என்பதே இப்போதைய நெறி.

இனி நாம் வலியுறுத்திச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறோம். நமக்குத் தெரிந்த பெண் ஒருவருக்குச் சாக்லேட் கட்டி இருப்பதாகக் கண்டு ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்தனர். இரண்டு ஆண்டுகளில் கட்டி திரும்பவும் வந்தது, திரும்பவும் அகற்றினர். மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர் பழைய கோப்பைப் புரட்டிவிட்டு, "முதல் அறுவைக்கு முன் ஏ.எம்.எச். பார்த்தீர்களா?" என்று கேட்டார். யாரும் பார்த்திருக்கவில்லை. பெண்ணின் சினைப்பையில் எவ்வளவு கருமுட்டை இருப்பு உள்ளது என்பதைக் குறிப்பாக உணர்த்தும் இரத்தப் பரிசோதனை அது. கட்டியை உரித்தெடுக்கும்போது அதனோடு ஒட்டிய நல்ல திசுவும் சிறிது போய்விடும். மறுமுறை அறுக்கும்போது இன்னும் போகும். பிறந்த பின் கருமுட்டை புதிதாக உண்டாவதில்லை ஆதலால், போனது திரும்பி வராது.

அறுவைச் சிகிச்சையே கூடாது என்று நாம் கூறவில்லை. நோய் தொடக்க நிலையில் உள்ளவர்க்கு லேப்ராஸ்கோப்பி மூலம் நோய்த்திசுவை நீக்கினால் இயற்கைக் கருத்தரிப்பு வாய்ப்புக் கூடுகிறது. தாங்கொணா வலிக்கும், கட்டியின் தன்மையில் ஐயம் எழும்போதும் அறுவை தேவைப்படலாம். ஆனால் சோதனைக்குழாய் முறைக்குச் செல்லவிருக்கும் பெண்ணுக்கு, வெற்றி கூடும் என்னும் ஒரே காரணத்துக்காகக் கட்டியை வழக்கமாக அகற்றுவதை மேற்சொன்ன வழிகாட்டியே பரிந்துரைக்கவில்லை. எனவே வயது, கருமுட்டை இருப்பு, சினைக்குழாயின் நிலை, கணவரின் பரிசோதனை ஆகிய நான்கையும் முன்வைத்துக் கொண்டு, அறுப்பதா காத்திருப்பதா நேரே செயற்கை முறைக்குச் செல்வதா என்று பேசுபவரே நமக்கு வேண்டியவர். "நாளை மறுநாள் தியேட்டர் காலி, சேர்ந்துவிடுங்கள்" என்பவரிடம் ஒரு வாரம் தவணை கேட்பது மரியாதைக் குறைவன்று. அந்த ஒரு வாரத்தில் இரண்டாம் கருத்தைக் கேட்டுவிடலாம்.

மருந்து விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. டைனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரைகள் வலியை நன்கு தணிக்கின்றன. ஆனால் உட்கொள்ளும் காலத்தில் அவை கருமுட்டை வெளிப்படுவதைத் தடுப்பவை. கருத்தரிக்கும் வாய்ப்பைக் கூட்டுவதில்லை. குழந்தைக்காக முயலும் பெண் அம்மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிவிட்டு "மருந்து சாப்பிட்டும் தங்கவில்லை" என்று அழுவதைக் கண்டிருக்கிறோம். இதற்காகத்தான் முதல் நாளிலேயே "எமக்கு முதலில் வேண்டியது குழந்தை" என்றோ "முதலில் வலி தீரவேண்டும்" என்றோ வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். குற்றாலத்துச் சீசன் கடைகளில் விற்கும் இலேகியங்களைப் பற்றியும் கேட்கிறீர்கள். அருவிக் குளியலை நாமும் விரும்புபவர்களே. ஆனால் 32 வயதுப் பெண்ணின் இரண்டு ஆண்டுகளை ஓர் இலேகியப் புட்டிக்குக் கொடுத்துவிட முடியாது.

எங்கே செல்வது? ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிடில், பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடும் வலி இருப்பின் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டா. தொடக்கப் பரிசோதனைகளுக்குத் தென்காசி மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை அருகில் உள்ளது. அடுத்த நிலைக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. மதுரையும் ஆரியங்காவு வழியே திருவனந்தபுரமும் எட்டும் தொலைவிலேயே உள்ளன. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் அண்மை ஆண்டுகளில் செயற்கைக் கருத்தரிப்பு மையம் தொடங்கப்பட்டுள்ளது. பொதிகை வண்டியில் ஓர் இரவுப் பயணம். எங்கு சென்றாலும் பழைய ஸ்கேன் தாள்கள், அறுவைக் குறிப்பு, அப்போது எடுத்த படம் அல்லது சி.டி. ஆகியவற்றைக் கேட்டு வாங்கி ஒரே கோப்பில் வைத்திருங்கள். இவை இல்லாவிடில் புதிய மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவார், செலவு நம்முடையது.

பெண் மருத்துவரே வேண்டும் என்பது நம் குடும்பங்களின் நியாயமான விருப்பம். செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த காலத்தில், 1938-இல் அச்சமஸ்தானத்தின் மருத்துவத்துறைத் தலைமையாகிய சர்ஜன் ஜெனரல் பொறுப்பை ஏற்றவர் மேரி பூனன் லூக்கோஸ் என்னும் பெண்மணி. ஆகவே நம் மண்ணுக்குப் பெண் மருத்துவர் புதியவரல்லர். எனினும் குடலில் ஒட்டிய நோயைப் பிரித்தெடுக்கும் தேர்ச்சி உள்ளவர் எல்லா ஊரிலும் பெண்ணாகவே அமைவதில்லை. அத்தகைய நிலையில் பெண் செவிலியர் உடனிருக்கச் சிகிச்சை பெறுவது பற்றி ஆலிம்களிடம் கேளுங்கள்; தேவைக்கு மார்க்கம் வழி வைத்திருப்பதை அவர்கள் விளக்குவார்கள்.

சோதனைக்குழாய் முறை குறித்தும் ஐயம் எழுகிறது. 1978-இல் இங்கிலாந்தில் முதற்குழந்தை பிறந்த இரண்டாண்டுகளுக்குள்ளேயே, 1980-இல், கெய்ரோவின் அல்அஸ்ஹர் இதைப் பற்றித் தீர்ப்பு வழங்கியது. திருமண பந்தத்திலுள்ள கணவன் மனைவியரின் அணுக்களைக் கொண்டு செய்வது ஆகும். மூன்றாம் நபரின் விந்தோ முட்டையோ கலப்பது ஆகாது என்பதே அதன் சாரம். எனவே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன், எவருடைய அணுக்கள் பயன்படும் என்பதை எழுத்தில் கேட்டுக் கொள்ளுங்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். நாட்டின் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய மையங்கள் அரசிடம் பதிவு பெற்றிருத்தல் கட்டாயம். பெண்ணுக்கு 21 முதல் 50 வரையும், ஆணுக்கு 21 முதல் 55 வரையும் வயது வரம்பு உண்டு. பதிவு எண்ணைக் கேட்டால் முகம் சுளிக்கும் மையத்தில் முன்பணம் கட்ட வேண்டா. "நூறு சதவீத வெற்றி" என்பவரிடம், நம் பெண்ணின் வயதில் உள்ளவர்களில் எத்தனை பேர் குழந்தையை வீட்டுக்கு எடுத்துச் சென்றனர் என்று கேளுங்கள். கரு தங்கியவர் எண்ணிக்கை வேறு, குழந்தை பிறந்தவர் எண்ணிக்கை வேறு.

இறுதியாக ஜமாஅத் நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். குழந்தை இல்லை என்று கூறி மணவிலக்கோ மறுமணமோ கோரும் மனுக்கள் நம் அலுவலகத்துக்கு வருவதுண்டு. குழந்தையின்மை உள்ள தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் குறையும் காரணமாகவோ துணைக் காரணமாகவோ இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. செலவும் மிகக் குறைவு. அப்படியிருந்தும் மனைவிக்கு இரண்டு அறுவைகள் முடிந்த பின்னரும் கணவர் ஒருமுறைகூடப் பரிசோதனைக்குச் செல்லாத குடும்பங்கள் உள்ளன. இனி அத்தகைய மனு வருமாயின், கணவரின் பரிசோதனை அறிக்கையும், மனைவியின் வலி பற்றி மருத்துவர் எழுதிய குறிப்பும் இணைக்கப்பட்ட பின்னரே அதனை விசாரணைக்கு எடுப்பது என ஒரு தீர்மானம் நிறைவேற்றுமாறு கேட்டுக் கொள்கிறோம். அறிக்கைகளை நிர்வாகத்தில் இருவருக்கு மேல் எவரும் பார்க்கக்கூடாது என்பதையும் அத்தீர்மானத்திலேயே சேர்க்க வேண்டுகிறோம்.