தாயையும் சேயையும் பிரியாத சிகிச்சை மனைகள்



தமிழ்ப் பாடஞ் சொல்லுதலையே தொழிலாக உடைய எளியேன், போதைக்கு அடிமைப்பட்ட பெண்டிரைப் பற்றிப் பேச எழுந்தமை சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். சென்ற திங்கட் கூட்டத்தில் நம் பெரியவர் ஒருவர், "குடிக்கின்ற தாயின் கையினின்றும் குழந்தையை வாங்கி நல்லாரிடம் ஒப்புவித்தலன்றோ அறம்?" என்று வினவினார். அவ்வினா என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அமெரிக்க நாட்டார் அவ்வழியே நெடுந்தூரம் நடந்து, பின்னர் ஓரளவு திரும்பியவர்கள். ஆதலின் அவர்கள் கதையைக் கூறுகின்றேன்.

1980-களின் பிற்பகுதியில் அந்நாட்டு நகரங்களிற் கிராக் என்னும் கொக்கேயின் பரவிற்று. கருவுற்றிருந்தும் அதனை விடாத மகளிரைத் தண்டித்தல் வேண்டுமென்ற கூச்சல் எழுந்தது. தென் கரோலினா மாநிலத்துச் சார்லஸ்டன் நகரில், ஓர் அரசாங்க மருத்துவமனையார் 1989 முதல் இத்தகைய பெண்களின் சிறுநீரைச் சோதித்து முடிவைப் போலீஸார்க்கு அறிவித்தனர். பிள்ளை பெற்ற உடனே சிறைப்பட்டோரும் உளர். போலீஸின் பொருட்டு அவ்வாறு இசைவின்றிச் சோதித்தல் அரசியற் சட்டத்திற்கு மாறானது என்று அந்நாட்டுத் தலைமை நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. அச்சத்தால் விளைவது யாதெனின், கருவுற்றவள் மருத்துவரையே அணுகாது ஒளிந்துகொள்வாள். நஞ்சு நின்றபாடில்லை, மருத்துவம் நின்றது.

1997-இல் மற்றொரு சட்டம் பிறந்தது. அரசின் பொறுப்பிற் பிறர் இல்லத்தில் வளரும் குழந்தை, 22 மாதங்களில் 15 மாதம் அங்கே கழிக்குமாயின், பெற்றோர் உரிமையை நீக்குமாறு அரசினர் வழக்கிடல் வேண்டும். விலக்குகள் சில உண்டு. நோக்கம் தீயதன்று. வீடு வீடாக அலையும் குழந்தைக்கு நிலையான ஓர் இல்லம் வேண்டுமென்றே அதனைச் செய்தனர். ஆயினும் போதை நோய் சட்டத்தின் நாட்காட்டியைப் பார்த்துத் தீர்வதன்று. ஒருகால் நீங்கியும் மீள வருவது அதன் இயல்பு.

தாய்மார்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். துணைவனில்லாத ஒருத்தி; மடியில் ஒரு மகவு. தங்கிச் சிகிச்சை பெறும் மனைகள் பெரும்பாலானவற்றிற் குழந்தைக்கு இடமில்லை. உறவினரும் இலர். அரசினரிடம் குழந்தையை ஒப்புவித்தாலோ, அந்தப் பதினைந்து மாதக் கணக்கு விரைவிலேயே தொடங்கிவிடும். குணமாக வேண்டிப் போகின்றவள் அப்போக்கினாலேயே குழந்தையை இழக்கவும் கூடும். போகாதவளையோ "பிள்ளைமேற் பற்றில்லாதவள்" என்று ஊர் தூற்றும். பற்றினாலன்றோ அவள் போகவில்லை!

இம்முடிச்சை அவிழ்க்க எழுந்தவையே தாயும் சேயும் உடனுறையும் மனைகள். கருவுற்றோர்க்கும் புதிதாக ஈன்றோர்க்கும் இத்தகைய மனைகள் நடத்த மைய அரசு பொருளுதவும் வகையில் 1992-இலேயே சட்டம் செய்தனர். அங்கே தாய் காலையிற் குழந்தையை நீராட்டி உணவூட்டி, அம்மனையிலேயே உள்ள குழந்தைக் காப்பறையில் விட்டுத் தன் சிகிச்சைக்குச் செல்வாள். மாலையில் மீண்டும் எடுத்துக்கொள்வாள். குழந்தை வீறிட்டழும் இரவிலும், சோறுண்ண மறுக்கும் வேளையிலும், முன்பு போதையை நாடிய உள்ளம் இப்பொழுது என் செய்கின்றது என்பதை அருகிருந்து காண்பார் உளர், கைகொடுப்பாரும் உளர். குழந்தையின்றிப் பெற்ற தெளிவு, வீடு திரும்பிய முதல் அழுகையிலேயே உடைந்துபோதல் கூடும்.

2018-இல் இயற்றிய சட்டம் இன்னும் ஒரு படி சென்றது. குழந்தையைப் பிறர் இல்லத்தில் வளர்க்கச் செலவிடும் மைய அரசுப் பணத்தை, உரிமம் பெற்ற இத்தகைய மனையில் தாயுடனோ தந்தையுடனோ இருக்கும் குழந்தைக்கும் 12 மாதம் வரை அளிக்கலாயிற்று. பிரிப்பதற்கே கிடைத்த பொருள் சேர்த்துவைக்கவும் கிடைக்கின்றது. இதனையே யான் பெரிதாக மதிக்கின்றேன்.

பச்சிளங் குழந்தையைப் பற்றி ஒரு சொல். அபின் இன மருந்துக்கு அடிமையான கருவுற்றவளை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லுதல் கருவுக்கே கேடு. மெதடோன், பியூப்ரெனார்பின் என்னும் மருந்துகளை அளவறிந்து கொடுப்பர். பிறந்த குழந்தை சின்னாட்கள் நடுங்கியும் உறங்காதும் வருந்துதல் உண்டு. அக்காலத்தில் தனியறையிற் கிடத்தாது தாயின் அருகிலேயே வைத்திருப்பின், மருந்தின் தேவையும் மருத்துவமனையிற் கிடக்கும் நாளும் குறைகின்றன.

பெரியவரின் வினாவை யான் தள்ளிவிடவில்லை. அடியுண்டும் பட்டினி கிடந்தும் உயிர்க்கு இடர் நேரும் இடத்தில் குழந்தையைப் பிரித்தே ஆகவேண்டும். இம்மனைகளிற் புகுந்த அனைவரும் தேறினர் என்றும் கூறேன். குறையும் உண்டு: இடங்கள் சில, செலவோ மிகுதி. குழந்தையின் வயதுக்கும் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்துள்ள மனைகள் பல. மூன்று பிள்ளைகளின் தாய் இளையதை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு மூத்தவற்றை விட்டுச் செல்ல நேர்கின்றது. என் வகுப்பில், தாய் பேறுகாலத்திற்கு ஊர் சென்ற மூன்று வாரமும் பாடத்தை நோக்காது வாயிலையே நோக்கியிருந்த எட்டு வயதுப் பையனை யான் அறிவேன். அவனுக்குத் தாய் திரும்பும் நாள் தெரியும். அம்மூத்த பிள்ளைகட்கு அதுவும் தெரியாது.

பெரியவர் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கின்றார். ஐயா, தங்கட்கு மேலும் ஐயம் உளதாயின் இப்பொழுதே கேட்டருளுக, விடையிறுக்கக் காத்திருக்கின்றேன்.