கணக்கும் திறந்திருக்கட்டும், கதவும் திறந்திருக்கட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் கலந்து பேசுற சபை இது. புரியாத இடத்தில் பக்கத்தில் இருக்கிறவங்க சொல்லிக் கொடுங்க.

"நிலையான, எல்லோரையும் உள்ளடக்கிய வளர்ச்சியில் கூட்டுறவின் பங்கு" என்று எனக்குத் தலைப்பு கொடுத்தார்கள். தலைப்பைப் படித்ததும் கொஞ்சம் பயமாத்தான் இருந்தது. நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ. பதினெட்டு வருஷமா குழுவில் ஊக்குநரா இருந்து கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

கூட்டுறவு நமக்குப் புதுசு இல்லை. 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்த அதே வருஷம், திருவள்ளூர் பக்கம் திரூரில் விவசாயிகளுக்கான கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கினார்கள். மகளிர் குழுவுக்கு வந்தால், தமிழ்நாட்டில் அரசு இந்தத் திட்டத்தை முதலில் ஆரம்பித்தது 1989-இல், தருமபுரி மாவட்டத்தில். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு வந்தது. அன்றைக்குக் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை, 2004-இல்தான் பிரித்தார்கள். அதனால் அந்தத் தருமபுரியில் நாமும் சேர்த்தி. இன்றைக்குத் தமிழ்நாடு முழுக்க நடக்கிற மகளிர் திட்டத்துக்கு விதை போட்ட மண் நம்ம மண்.

அதற்கும் முன்னால் நடந்த ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மைராடா என்ற தொண்டு நிறுவனம் கிராமங்களில் பெரிய கூட்டுறவுச் சங்கங்களை ஏற்படுத்தியிருந்தது. 1980-களின் நடுவில் அவற்றில் சில உடைந்தன. தலைமையில் இருந்தவங்க மேல உறுப்பினர்களுக்கு நம்பிக்கை போயிடுச்சு. ஆனா அந்த ஏழை ஜனங்க கடனை ஏமாத்த நினைக்கலை. சின்னச் சின்னக் கூட்டமாக வந்து, கடனைக் கட்டத் தயார், அந்தச் சங்கத்துக்கு மட்டும் கட்ட மாட்டோம் என்று நின்றார்கள். அப்படியானால் உங்களுக்குள்ளேயே கட்டிக்கொள்ளுங்கள் என்று விட்டார்கள். ஒருத்தரை ஒருத்தர் நம்பின அந்தச் சின்னக் கூட்டங்கள்தான் நம்ம குழுக்களுக்கு முன்னோடி. 1992-இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்கும் சோதனையைத் தொடங்கியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

ஓசூரிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. 1990-களில் மைராடாவின் முயற்சியில் குழுப் பெண்கள் "மீடோ" என்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். டைட்டன் கம்பெனிக்கு வாட்ச் செயின் கோர்க்கும் வேலையை எடுத்துச் செய்தார்கள். ஒரு காண்ட்ராக்டருக்குக் கீழே கூலியாகப் போகாமல், தாங்களே பங்குதாரராகிக் கம்பெனியாகப் பதிவு செய்துகொண்டார்கள். பெயர் கம்பெனி என்றாலும் உள்ளே இருந்தது கூட்டுறவுதான்.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது ஒன்று. கணக்கை எல்லோரும் பார்க்க முடிகிற வரைக்கும்தான் கூட்டுறவு நிலைத்து நிற்கும். கணக்கு நாலு பேர் கைக்குள் போன அன்றைக்கு, போர்டு மட்டும் தொங்கும்.

இப்போ என் சொந்தக் கதைக்கு வர்றேன். இதைச் சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு. ஆனாலும் சொல்லணும்.

சில வருஷத்துக்கு முன்னால் எங்க தெரு லைன் வீட்டில் குடியிருந்த ஒரு பெண் குழுவில் சேரணும்னு வந்து நின்னா. ஊத்தங்கரைப் பக்கம் சொந்த ஊர். கம்பெனியில் காண்ட்ராக்டில் ஹவுஸ் கீப்பிங் வேலை. நாங்க சேர்த்துக்கலை. "வாடகைக்கு இருக்கிறவங்க ராத்திரியோட ராத்திரியா காலி பண்ணிட்டுப் போனா யாரைக் கேட்கிறது?" என்று முதலில் சொன்னது நான்தான். அவ ஒண்ணும் பேசாமப் போயிட்டா.

மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட அவ தண்டல்காரரிடம் போனா. 10,000 ரூபாய்க் கடனில் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுத்தார். தினம் 100 ரூபாய், 100 நாள். நம்ம குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு அதே 10,000 வாங்கி, மாசம் 1,000 அசல் கட்டினால், பத்து மாசத்துக்கும் சேர்த்து வட்டி 550 ரூபாய்தான். அதுவும் நம்ம பொது நிதிக்கே வரும். அவ மூணு மாசத்திலேயே 1,500 கொடுத்தா. ஒரு நாள்கூடத் தவறலைன்னு பிற்பாடு தெரிஞ்சது.

அதே வருஷம் எங்க குழுவில் ஒருத்தி தவணை கட்டாம நின்னா. சொந்த வீட்டுக்காரி. என் சித்தி மகள். கூட்டத்தில் கேட்டா குடும்பத்தில் மனஸ்தாபம் வருமேன்னு, நானும் "அடுத்த வாரம்" என்று நாலு மாசம் தீர்மானப் புத்தகத்தில் எழுதாமல் சமாளித்தேன். வங்கியில் தரமதிப்பீடு செய்ய வந்தபோது விஷயம் வெளியே வந்துடுச்சு. அந்த வருஷம் எங்களுக்குக் கடன் இல்லை. ரெண்டு பேர் குழுவை விட்டு விலகினாங்க. வயசான ஒரு அம்மா மட்டும் என்னைப் பார்த்துக் கேட்டாங்க: "வாடகைக்காரி ஓடிப்போவான்னு சொன்னியே கண்ணு, இப்ப யாரு ஓடினது?" அதுக்கு என்னால் பதில் சொல்ல முடியலை.

சகோதரிகளே, ஒருத்தரை ஒருத்தர் தெரிந்திருப்பது நம்ம பலம். அதே பழக்கம்தான் தெரியாதவளைத் தள்ளி வைக்கும் வேலியாகவும், தெரிந்தவளின் தப்பை மறைக்கும் திரையாகவும் ஆகுது. உலகக் கூட்டுறவு இயக்கம் வகுத்திருக்கிற ஏழு கொள்கைகளில் முதலாவது, விரும்பி வருகிற எல்லோருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது. சொந்த ஊரா, சொந்த வீடா என்று அதில் கேட்கவில்லை.

நம்ம பகுதியைப் பாருங்க. ராகி விளைந்த நிலம் லேஅவுட் ஆகுது. கம்பெனி பஸ் வராத ஊர் குறைவு. நம்ம பெண்பிள்ளைகளே ஷிப்டுக்குப் போறாங்க. அதனால் பகல் கூட்டத்துக்கு ஆள் வர்றதில்லை. தர்மபுரியிலிருந்தும், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும், வடநாட்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் நம்ம தெருவிலேயே குடியிருக்காங்க. இவங்களை விட்டுவிட்டு நாம மட்டும் வளர்ந்தால் அதை வளர்ச்சின்னு எப்படிச் சொல்றது?

அதனால் நாங்க மூணு காரியம் செய்தோம். ஒண்ணு, ஒவ்வொரு கூட்டத்திலும் யார் எவ்வளவு கட்டினாங்க, யார் பாக்கி என்பதைச் சத்தமாகப் படிக்கிறோம். என் பெயரும் அதில் உண்டு. ரெண்டு, ஊக்குநர் பொறுப்பைச் சுழற்சியில் விட்டோம். கணக்கு எழுத இன்னும் மூணு பேருக்குக் கற்றுக் கொடுத்தோம். மூணாவது, லைன் வீட்டுப் பெண்களுக்குத் தனிக் குழு அமைக்க உதவினோம். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அவங்க கூட்டம். ஆறு மாசம் சேமிப்பும் வருகையும் சரியாக இருந்தால் உள்கடன். ஊர் எது என்று கேட்பதில்லை.

அந்த ஊத்தங்கரைப் பெண்ணைத் தேடிப் போனேன். அவ வேறு இடத்துக்கு மாறியிருந்தா. கடனையெல்லாம் அடைச்சுட்டுத்தான் போயிருந்தா. அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதைத்தான் இன்றைக்கு இந்தச் சபையில் கேட்டுக்கொள்கிறேன்.

ஐக்கிய நாடுகள் சபை 2025-ஐக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்தது. கொண்டாட்டம் நல்லதுதான். ஆனா உங்க ஊருக்குத் திரும்பினதும் ரெண்டு வேலை செய்யுங்க. அடுத்த கூட்டத்தில் கணக்குப் புத்தகத்தை நடுவில் வைத்து முழுசாப் படியுங்க. பிறகு உங்க தெருவில் எந்தக் குழுவிலும் இல்லாத ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்க.