உறைந்த மண்ணின் மேல் ஒரு சாலை

(கிளைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2018 ஜூன் மாதம் நானும் என் மனைவியும் பெண், மாப்பிள்ளையுடன் கனடாவின் யூகான் பிரதேசத்தில் ஆர்.வி. என்கிற வீட்டு வண்டியில் ஒரு வாரம் சுற்றினோம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே உண்டு. வைட்ஹார்ஸ் நகரில் வாடகைக்கு எடுத்து, அலாஸ்கா நெடுஞ்சாலையில் பீவர் கிரீக் வரை, ஏறக்குறைய 450 கிலோமீட்டர் போனோம். அதற்கப்பால் அலாஸ்கா. எங்களிடம் அமெரிக்க விசா இல்லாததால் அங்கேயே திரும்பிவிட்டோம். மலையையும் ஏரியையும் போட்டோவில் பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது அந்தச் சாலையைப் பற்றி.

1942-இல், ஜப்பான் தாக்கக்கூடும் என்ற பயத்தில் அமெரிக்க ராணுவம் எட்டே மாதங்களில் போட்ட சாலை அது. முதலில் வழக்கம்போல் மரங்களையும் பாசியையும் வழித்தெடுத்துவிட்டு மண்ணைச் சமன் செய்தார்கள். மண் சேறாகி லாரிகள் புதைந்தன. காரணம், பல இடங்களில் அடியில் இருப்பது வருஷம் முழுவதும் உறைந்தே கிடக்கும் மண். பனிக்கட்டியும் கலந்தது. மேலேயுள்ள பாசிதான் வெயிலின் உஷ்ணம் கீழே இறங்காமல் காக்கிறது. இது புரிந்த பிறகு, பாசியை விட்டுவைத்து அதன்மேல் மரக்கட்டைகளை அடுக்கிச் சரளை கொட்டினார்கள்.

பிரச்னை இன்னும் தீரவில்லை. பீவர் கிரீக்கை நெருங்க நெருங்கச் சாலை அலை அலையாக இருக்கிறது. கறுப்புத் தளம் வெயிலை உறிஞ்சுவது எல்லோரும் அறிந்ததே. எனக்குப் புதிதாகத் தெரிந்தது வேறு. குளிர்காலத்தில் ஓரமாகத் தள்ளிய பனி போர்வைபோல் மூடிவிடுவதால், மண் போதுமான அளவு குளிர்வதில்லையாம்! பனியே மண்ணை உருகவிடுகிறது. இதற்கு மாற்று வழி தேட 2008-இல் பீவர் கிரீக் அருகே பல முறைகளில் சாலை போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த அலைகளில் மாப்பிள்ளை 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டவில்லை. அப்படியும் பாத்திரங்கள் உருண்டன. இரவில் சக்கரத்தின் கீழ் கட்டை வைத்து வண்டியைச் சமமாக நிறுத்த வேண்டும். அதிலிருந்த பிரிட்ஜ் கேஸ் சுடரில் வேலை செய்வது; சாய்ந்தால் உள்ளே அம்மோனியாக் கரைசல் ஓட்டம் தடைப்படும். "நெருப்பு வெச்சு ஜில்லுன்னு ஆறதா?" என்று என் மனைவிக்கு ஆச்சரியம். பி.எஸ்ஸி. படித்தது அன்று உபயோகப்பட்டது.

நம் வயதில் போகிறவர்கள் மாத்திரைகளை முழுவதுமாக எடுத்துச் செல்லுங்கள். வைட்ஹார்ஸைத் தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. பல இடங்களில் போனும் எடுக்காது.

திரும்பும் வழியில் க்ளூவானி ஏரியின் முனையில், ஸ்லிம்ஸ் ஆற்றுப் பாலத்தில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னேன். பாலம் நீளமானது, கீழே தண்ணீர் சொற்பம். ஏரிக்கு நீர் தந்த காஸ்காவுல்ஷ் பனியாறு சுருங்கியதால், 2016 மே மாதம் அதன் உருகுநீர் பனிக்குள் புது வழி வெட்டிக்கொண்டு வேறொரு ஆற்றில் சேர்ந்துவிட்டது. பேரிங் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த நீர், சில நாட்களில் பசிபிக் பக்கம் திரும்பிவிட்டது. ஏரி மட்டமும் இறங்கியது. வறண்ட படுகையிலிருந்து காற்று வண்டலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஜன்னல்களை மூடியும், அன்று இரவு அஞ்சறைப் பெட்டியின் மூடிமேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூசி படிந்திருந்தது.