எழுதி வாங்கிய பெண்மணி



ஆஸ்திரேலியாவின் ஐந்து டாலர் நோட்டில் 1967ஆம் ஆண்டு முதல் பல ஆண்டுகள் ஒரு பெண்மணியின் படம் இருந்தது. அவர் அரசியல்லர். கரோலைன் சிசம் என்னும் குடும்பப் பெண்.

1808இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கணவர் கம்பெனிப் படை அதிகாரியாதலால் சென்னைக்கு வந்தார். அங்கே 1834இல் ஐரோப்பியச் சிப்பாய்களின் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1838இல் குடும்பத்தோடு சிட்னிக்கு வந்தார். 1840இல் கணவர் பணிக்குத் திரும்பவே, மூன்று பிள்ளைகளுடன் தனித்திருந்தார்.

அந்நாளில் பிழைப்புத் தேடிக் கப்பலில் வந்த இளம்பெண்கள், போக்கிடமின்றிச் சிட்னித் தெருக்களில் நின்றார்கள். கரோலைன் கவர்னரிடம் விடாமல் கேட்டு, 1841இல் எலிகள் மலிந்த பழைய கட்டடத்தில் அவர்களுக்கு இல்லம் அமைத்தார். பின்னர் குதிரையேறிச் சென்று, உள்நாட்டுப் பண்ணைகளில் அவர்களுக்கு வேலை தேடிக் கொடுத்தார். 1846க்குள் அவரால் வாழ்வு பெற்றோர் ஆண், பெண் சுமார் 11,000 பேர்.

வாய்ச்சொல்லை மட்டும் அவர் நம்பவில்லை. வேலை, சம்பளம் யாவற்றையும் தாளில் எழுதச் செய்தார். முதலாளிக்கு ஒரு படி. வேலையாளுக்கும் ஒரு படி.

நம் முன்னோரில் பலர், வாசிக்கத் தெரியாத தாளில் கைநாட்டு வைத்து மலாயாவுக்குக் கப்பலேறியவர்கள். அதன் துன்பத்தை நாம் அறிவோம். ஆகவே, எந்தத் தாளையும் படித்தறிந்த பின்பே கையெழுத்திடுவோம். நமக்கொரு படி கேட்டு வாங்கி வைப்போம். அதைப் படித்துச் சொல்ல, நம் பெண்பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்புவோம்.