பனிமலைக்குப் புறப்படுமுன்

ஆல்ப்ஸ் மலைப் பனியில் சறுக்குவோரின் பலகை ஒன்றை இன்று பார்ப்போம். அது நீளவாக்கில் இரண்டாகப் பிரியும். காலுக்கு ஒரு பாதியாகப் பூட்டி மலையேறுவர். பின்னுக்கு வழுக்காதிருக்க அடியில் மயிர்ப்பட்டை ஒட்டுவர். உச்சியில் இரண்டையும் இணைத்துச் சறுக்கி இறங்குவர்.

குளிர்காலத்துக்கு முன்பே பட்டையின் பசையைச் சோதித்து, திருகாணிகளை முடுக்கி வைப்பர். எல்லாவற்றிலும் முக்கியம், உடம்போடு கட்டும் சிறு வானொலிக் கருவி. பனிச்சரிவில் புதைந்தவரை அதன் அலையைக் கொண்டே தோழர் தேடுவார். 10 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பர். கோடையில் பேட்டரி கசிந்து கருவி கெட்டிருந்தால்? அவரைத் தோழர் காண முடியாது. தோழரை அவரும் காண முடியாது.

மரம் சீவும் கத்தியை முதல்நாளே தீட்டி வைக்கும் நமக்கு இது புதிதல்ல. நம் ஆயத்தம் உடன் வருபவரின் உயிருக்கும் காவல்.