நீருக்குள் போன நிலத்தின் பட்டாதாரர்

மேட்டூர் அணையில் தண்ணீர் வெகுவாக இறங்கும் கோடையில் பண்ணவாடிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலைகாட்டும். பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே வரும். ஊர் ஊராக ஜனங்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த நந்தியைச் சுற்றியிருந்த காடு தோட்டங்களை உழுதவர்கள் யார், எவ்வளவு வரி கட்டினார்கள், யாரிடம் கடன் பட்டார்கள், எதை வாங்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போனார்கள் என்பதை இன்று பேசலாம் என்று நினைக்கிறேன். இவை எல்லாம் அழிந்துபோய்விடவில்லை. காகிதத்தில் இருக்கின்றன.

அணை வேலை 1925இல் தொடங்கியது. 1934 ஆகஸ்ட் 21 அன்று ஆளுநர் ஸ்டான்லி திறந்து வைத்தார். நீர் தேங்கிய இடத்தில் இருந்த ஊர்கள் கரையேறின. இன்று கொளத்தூரிலும் மேச்சேரியிலும் ஓமலூரிலும் இருக்கிற பல குடும்பங்களுக்கு, தாத்தாவுக்கு அப்பா எந்த மண்ணில் ஏர் பிடித்தார் என்பது கேள்விப்பட்ட கதை மட்டும்தான்.

அமெரிக்காவில் இப்படி முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அங்கே 1850 முதல் மக்கள்தொகைக் கணக்கில் வீட்டில் இருந்த, அடிமையல்லாத ஒவ்வொருவர் பெயரையும் எழுதினார்கள். விவசாயிக்கென்று தனித்தாள் வைத்து, எத்தனை ஏக்கர், எத்தனை மாடு, எவ்வளவு தானியம் என்றும் குறித்தார்கள். அதே கணக்கில் அடிமைகளின் வயது இருக்கும், பெயர் இருக்காது. நம் நாட்டுக் கணக்கெடுப்பில் கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தேட வழியில்லை. நமக்கு நிலம்தான் வழி. மனிதரைத் தேட வேண்டுமென்றால் அவர் கட்டிய தீர்வையைத் தேட வேண்டும்.

சேலம் சீமையில் இந்தக் கணக்குக்கு வயது அதிகம். திப்பு சுல்தானிடமிருந்து 1792இல் சேலமும் பாராமகாலும் கும்பினியார் கைக்குப் போனபோது, அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து தீர்வை போட்டார்கள். விவசாயியிடமே நேராகத் தீர்வை வாங்கும், பின்னால் மதராஸ் மாகாணத்தில் பரவிய ரயத்துவாரி முறைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ஒரு திருத்தம் சொல்லிவிட வேண்டும். ஆற்றுக்கு மேற்கே இருந்த காவேரிபுரம் அந்தக் காலத்தில் கோயம்புத்தூர் ஜில்லா, பவானி தாலுகா. உங்கள் முன்னோர் அந்தக் கரைக்காரர் என்றால் சேலத்தில் மட்டும் தேடி அலுத்துப் போகாதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது 'அ' பதிவேடு. சர்வே நம்பர், நஞ்சையா புஞ்சையா, மண்ணின் தரம், ஏக்கர் சென்ட், தீர்வை ரூபாய் அணா, பட்டா நம்பர், பட்டாதாரர் பெயர், எல்லாம் ஒரே வரியில் இருக்கும். அடங்கல் கிடைத்தால் அந்த வருஷம் கம்பு போட்டாரா, சோளம் போட்டாரா, தரிசாகக் கிடந்ததா என்றுகூடத் தெரியும். அதில் வருஷம் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டில் இருக்கும். பசலியோடு 590 கூட்டுங்கள், ஜூலையில் தொடங்கும் ஆண்டு வந்துவிடும். அணை திறந்தது பசலி 1344. அதற்கு முந்தைய பசலிகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் நல்ல காலமும் கெட்ட காலமும் பயிர்ப் பெயர்களாகவே தெரியும்.

பெயரில் ஏமாந்துவிடக் கூடாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். இருபது முப்பது வருஷ இடைவெளியில் ஒரே பெயர் வந்தால் ஒரே ஆள் என்று முடிவு கட்ட வேண்டாம். தகப்பனார் பெயரைச் சேர்த்துப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கிரயப் பத்திரம். நான்கெல்லை சொல்லும் இடத்தில்தான் ஆள் உயிரோடு வருவார். தென்வடல் வண்டித்தடத்துக்கு மேற்கு, இன்னாருடைய புஞ்சைக்குக் கிழக்கு என்று பங்காளிகள் வரிசையாக நிற்பார்கள். கிணற்றில் நாலில் ஒரு பாகம், முறைவைத்துக் கவலை இறைத்துக்கொள்ளும் பாத்தியம், மாமூல் தடத்தில் மாடு கன்று ஓட்டிப்போகும் பாத்தியம் என்று எழுதியிருக்கும். கடைசியில் ஒரு கைநாட்டு. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் இந்த உலகத்தில் தம் கையால் பதித்த ஒரே தடயம் அதுவாக இருக்கலாம். அடமானப் பத்திரம் என்றால் எந்த வருஷம் கை வறண்டது என்பதும் தெரிந்துவிடும்.

நீரில் மூழ்கிய நிலத்துக்கு இன்னொரு காகிதம் உண்டு. 1894ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி, எடுத்துக்கொள்ளும் பரப்பையும் அதற்கான தொகையையும் தீர்ப்பாணையில் எழுத வேண்டியிருந்தது. நிலத்தோடு நின்ற பயிர், மரம் இவற்றுக்கும் மதிப்புப் போட வேண்டியிருந்தது. அன்று சந்தை விலைக்கு மேல் நூற்றுக்கு 15 கூடுதலாகத் தர வேண்டியிருந்தது. பாட்டன் வைத்த புளியமரத்துக்கு சர்க்கார் என்ன விலை போட்டது என்பதை அங்கேதான் காண முடியும். தாலுகா அலுவலகம், கலெக்டர் அலுவலகத்துப் பதிவறை, சார்பதிவாளர் அலுவலகம், பிறகு சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று தேடிப் போக வேண்டும். கத்தோலிக்கக் குடும்பங்களுக்குக் கூடுதலாக ஞானஸ்நானப் பதிவேடும் உண்டு. அதில் தாயின் பெயரும் இருக்கும்.

தாயின் பெயர் என்று சொன்னதும் மனம் கனக்கிறது. பட்டாவில் பெண்கள் அரிது. குத்தகைக்கு உழுதவரும் பண்ணையாளும் அதைவிட அரிது. தீர்வை கட்டியவரைத்தான் சர்க்கார் எழுதி வைத்தது. களை எடுத்தவரை எழுதவில்லை. அவர்களைத் தேட வேண்டுமானால் குலதெய்வக் கோயில் தலைக்கட்டு வரி நோட்டையும் கிழவர் கிழவிகளின் ஞாபகத்தையும்தான் நம்ப வேண்டும். அணை திறந்த வருஷம் கைக்குழந்தையாக இருந்தவருக்கே இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. அடுத்த கோடை வரட்டும் என்று இருக்காமல் இந்த வாரமே போய்க் கேளுங்கள்.

கேட்கும்போது மகன்கள் பெயரோடு நிறுத்திவிட வேண்டாம். மகள்களை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். மூழ்காத ஊரில் இருக்கும் அந்த அத்தை வீட்டுப் பரணில், உங்கள் வீட்டில் தொலைந்துபோன பத்திரம் இருக்கக்கூடும்.